நெட் காலில் பொய் சொன்னாலும் பிடிபடுவார்கள்

கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “பிடிக்காதவர் வீட்டுக்குப் போலீஸை அனுப்ப அவசர உதவி எண் 112-க்கு நெட் காலில் பேசினால் போதும். கண்டுபிடிக்கவே முடியாது, தண்டனையும் கிடையாது.” இரண்டுமே பொய்.

2017 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் நடந்தது இது. ஆன்லைன் விளையாட்டில் 1.50 டாலருக்கு ஒரு தகராறு. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஒருவர் இணைய அழைப்பில், அப்பாவைச் சுட்டுவிட்டதாகவும் குடும்பத்தைப் பணயமாகப் பிடித்திருப்பதாகவும் போலீஸிடம் கதை கட்டினார். அவர் சொன்ன முகவரியில் இருந்தவருக்கு அந்த விளையாட்டோடு சம்பந்தமே இல்லை. 28 வயது, இரண்டு குழந்தைகளின் தகப்பன். என்ன சத்தம் என்று கதவைத் திறந்தவரைப் போலீஸ் குண்டு கொன்றுவிட்டது. இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்ல மனம் வரும்? அழைத்தவர் மறுநாளே கைதானார். 2019-இல் 20 ஆண்டு சிறை.

சரி, இங்கே? ஒருவருக்குத் தொல்லை கொடுக்கப் போலீஸிடம் பொய்த் தகவல் தந்தால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான்.

அப்புறம், நம் மலை ரோடு. பொய்யை நம்பி ஏதோ ஒரு ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) ஏறிப் போன போலீஸ் ஜீப், மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவில் நிஜமாகவே கவிழ்ந்து கிடக்கும் வண்டிக்கு உடனே திரும்பி வந்துவிட முடியாது.