ரெஜிஸ்ட்ரி பூட்டை நம்ப முடியாது

சந்தேக நபரின் ஹார்டு டிஸ்க்கை ஆராயும்போது அதில் எதுவும் எழுதப்படாமல் காக்க, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (இயங்குதளத்தின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) எழுதத் தடை போட்டாலே போதும், எழுதுவதைத் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வீண் செலவு என்கிறார் ஒரு கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. அந்த அமைப்பு யுஎஸ்பி வட்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கணினிக்குள் வட்டை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டினால் என்ன செய்வாராம்?

நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டா விண்டோஸ் எழுதுகிறது? ஒரு கோப்பைக்கூட நாம் திறந்திருக்க மாட்டோம், அதற்குள் வட்டின் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையில் கைவைத்திருக்கும். லினக்ஸும் லேசுப்பட்டதல்ல. முறையாக மூடப்படாத இஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை) பகிர்வை 'படிக்க மட்டும்' என்று மவுன்ட் செய்தாலும், அதாவது இணைத்தாலும், ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டில் நிலுவையில் உள்ளதை வட்டில் எழுதிவிடும். 'நோலோடு' (ஜர்னலை ஏற்றாதே) என்று தனியாகச் சொன்னால்தான் சும்மா இருக்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் முழு வட்டின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) அடியோடு மாறும். சாட்சியம் மாறிவிட்டது என்று வாதிட, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

ரைட் பிளாக்கர் கருவியோ வட்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று, படிக்கும் கட்டளைகளை விட்டு, எழுதும் கட்டளைகளை மறிக்கிறது. இயங்குதளத்தின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிடம் இதன் பாச்சா முழுதாகப் பலிக்காது (கட்டுரை இதைத் தொடவே இல்லை). மின்சாரம் வந்ததுமே, முன்பு டிரிம் ஆன (இனி தேவையில்லை என்று இயங்குதளம் குறித்த) பகுதிகளை வட்டின் கன்ட்ரோலர் சிப் உள்ளுக்குள் துடைக்கத் தொடங்கலாம். ஆகவே முதல் இணைப்பிலேயே பிம்பம் (வட்டின் முழு நகல்) எடுத்து ஹாஷைப் பதிவு செய்வது நல்லது. கருவியின் மாடலோடு, அதற்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் அறிக்கையில் எழுதுங்கள். இத்தகைய கருவிகளைச் சோதிக்கும் அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டியின் சோதனை முடிவுகள் குறிப்பிட்ட பதிப்புக்குத்தான் பொருந்தும்.