பணம் ஏறட்டும், அப்புறம் பொருள்

என் பழைய லேப்டாப்பை வாங்க வந்தவருக்கு, பணம் ஏறாமல் தர மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாட்ஸப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எத்தனை குரூப்பில் சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியும். "பழைய லேப்டாப் விற்பதற்கு இவ்வளவு திமிரா" என்று எழுதியவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அதுதான் வலிக்கிறது.

வந்தவர் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, பச்சை டிக் விழுந்த திரையைக் காட்டினார். என் கணக்கில் பணம் ஏறவில்லை. ஏறினால்தான் தருவேன் என்றேன். அவரைத் திருடன் என்று சொல்லவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. பச்சை டிக் காட்டுவதற்கென்றே போலி ஆப்கள் இருக்கின்றன. பெயரையும் தொகையையும் அடித்தால் அசல் ரசீது போலவே வரும். வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியையும் யார் வேண்டுமானாலும் தட்டி அனுப்பலாம். நான் நம்ப வேண்டியது என் கணக்கு இருப்பை மட்டும்தான்.

"சர்வர் ஸ்லோவாக இருந்திருக்கும், பாவம்" என்கிறீர்கள். சரி, இருக்கலாம். யுபிஐயில் பணம் நடுவில் மாட்டுவது உண்டு. அதற்கு விதியும் உண்டு. ஒருவர் கணக்கில் கழிந்து இன்னொருவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது. காத்திருந்தால் அவருக்கு நஷ்டமில்லை. லேப்டாப் கைமாறிவிட்டால் எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? "நாளைக்கு வாங்க, உங்களுக்கே எடுத்து வைக்கிறேன்" என்று வாட்ஸப்பில் எழுதினேன். சுற்றுகிற படத்தில் அந்த வரியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அவர் திரும்ப வரவும் இல்லை.

"எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா?" இல்லை. நல்லவர் பத்து நிமிடம் காத்திருப்பார்.

என் சித்தப்பா பழைய கேமராவை விற்கப் போட்டபோது, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவன் பேசினான். அடையாள அட்டைப் படம் அனுப்பினான். முதலில் 5 ரூபாய் நிஜமாகவே போட்டான். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) நம்பர் போட்டால் மீதிப் பணம் வரும் என்றான். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. சீருடைக்கு மரியாதை கொடுத்துப் பழகிய மனிதர், போட்டுவிட்டார். கணக்கே காலி. உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருந்தால் பணத்தை நிறுத்த ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். வெளியே சொல்லவே கூசி இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவரைக் கூச வைத்தது யார்? நாம்தான். இன்றைக்கும் அவர் பணம் அனுப்ப வங்கி வரிசையில்தான் நிற்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து "படிச்ச மனுஷன், யாரை வேணும்னாலும் நம்பிடுறதா" என்று எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்ட அத்தான்தான், இன்று என் பதிவில் "மனுஷனை மனுஷன் நம்பணும்டா" என்று எழுதியிருக்கிறார். அத்தான், நம்பினவரையும் திட்டினீர்கள், நம்பாத என்னையும் திட்டுகிறீர்கள். சித்தப்பா பணத்தை எடுத்தவனை ஒரு நாளாவது திட்டியிருக்கிறீர்களா?