உலை வைக்கும் முன் ஒரு பிடி

"ஆன்மிகத்துக்கெல்லாம் எங்கேங்க நேரம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடிந்ததும் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வேலைக்கு ஓடுவது, திரும்பி வந்தால் மறுபடியும் அடுப்படி. இவர்களிடம் போய், பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து தியானம் பண்ணுங்கள், மூன்று நாள் முகாமுக்கு வாருங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. முடியாததைச் சொல்லி, அதைச் செய்யவில்லையே என்ற உறுத்தலையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. பிடி அரிசி. சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். பானை நிறைந்ததும் கோயிலுக்கோ, மடத்துக்கோ, இல்லாதவர்களுக்கோ போகும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதை ஒரு திட்டமாகவே பரப்பினார். தெற்கே கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு வருடங்களுக்கும் மேலாக ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியை விற்று வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய் சபைப் பணிகளுக்குச் சேர்கிறது.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது அந்த வரிசைதான். முதலில் அடுத்தவருக்கு, அப்புறம்தான் நமக்கு. சமைத்து, சாப்பிட்டு, மீந்ததைக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அதில் நம்மிடமிருந்து எதுவும் கழிவதில்லை. பிடி அரிசியில் நம் பங்கிலிருந்து கொஞ்சம் குறைகிறது. குறைகிறது என்று கைக்கும் தெரிகிறது.

இதற்கு மனசு சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வீட்டில் சண்டை, மாதக் கடைசி, உடம்புக்கு முடியவில்லை என்றாலும் உலை வைத்துத்தானே ஆக வேண்டும்? அன்றைக்கும் கை பானைக்குப் போகும். என் ஆச்சிக்கு மந்திரம், தோத்திரம் எதுவும் தெரியாது. தாத்தா போன பிறகு வீடு ரொம்பச் சிரமப்பட்ட நாட்களில், பிடியாக அள்ள முடியாமல் மூன்று விரலால் எடுத்துப் போடுவாளாம். நிறுத்தவில்லை என்று அம்மா சொல்வாள். அந்த மூன்று விரல் அரிசியை விடப் பெரிய சாதனை எனக்குத் தெரியாது.

வடலூர் போயிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து ஊர்மக்கள். இன்றும் தைப்பூசத்துக்கு ஊர் ஊராக அரிசியும் காய்கறியும் வந்து இறங்குகின்றன. ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றவர் அவர். கடவுளைத் தேடி வருபவனையும் முதலில் பசித்தவன் பக்கம் திருப்பிவிட்டார். வழிபாட்டுக்கான ஞானசபையைத் திறந்ததுகூட அதற்குப் பிறகுதான், 1872இல்.

"ரேஷனில் 2011இலிருந்து அரிசி இலவசம், இன்னும் எதற்கு ஒரு பிடி?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பசியைப் போக்குவது அரசின் கடமை. அதை நம் கைப்பிடியால் ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டவும் கூடாது. ஆனால் நமக்குள் கெட்டிப்பட்டுக்கொண்டே வரும் ஏதோ ஒன்றை எந்த ரேஷன் கடையும் இளக்கித் தராது. தினமும் ஒரு கணம், நம் வீட்டு ஆட்கள் அல்லாத ஒருவரை நினைத்து அரிசி அள்ளுகிறோம். அவர் யாரென்று தெரியாது. நன்றி சொல்லவும் வரமாட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

சும்மா தொடங்குங்கள். அதைப் படம் பிடித்துப் போடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். நாம் சாப்பிடும் அதே அரிசியாக இருக்கட்டும். வண்டு வராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலை நாலு போட்டு வையுங்கள். பிள்ளைகள் கேட்டால் அவர்கள் கையாலேயே அள்ளவிடுங்கள். முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ எடுத்துப் போகும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அங்கே அரிசி நிறைய இருந்து பருப்பும் எண்ணெயும் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் சேர்ந்த அரிசியை வீட்டிலேயே பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் காசுக்குப் பருப்பு வாங்கிக் கொடுங்கள்.