பெயர் சொல்ல நேரமில்லையாம்

சனிக்கிழமை எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் பூங்காக் கச்சேரியை நண்பர்கள் பலர் நேரலையில் பார்த்திருப்பீர்கள். முழுவதும் விவரிக்கப் போவதில்லை. லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி, இசைக் கலைஞர்களைக் கொண்டாடுவதற்கென்றே கூட்டிய மாலையில், கூடாரம் தந்தவர், தண்ணீர்ப் புட்டி தந்தவர் என அத்தனை புரவலர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி கூறிய அறிவிப்பாளர், வியர்க்க வியர்க்க வாசித்த குழுவினரை மட்டும் "நம் உள்ளூர்க் கலைஞர்கள்" என்று ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார். அதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்குத்தான், "இலவச நிகழ்ச்சிதானே, இதில் என்ன குறை?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

இலவசம், கேட்க வந்தவர்களுக்கு. வாசித்தவரின் வித்தை இலவசமாக வந்ததன்று. நான் மேடைக்கு அருகே புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். கித்தாரோன் என்ற மெக்சிக்கப் பெருங்கித்தார் வாசித்த பெரியவர், வயிறு பருத்த அந்த வாத்தியத்தை மார்போடு அணைத்து, தடித்த தந்திகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார். வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் அதில் கிடையாது. விரல் தானே இடமறிந்து விழ வேண்டும். பாட்டு முடிந்ததும் விரல் நுனிகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். அவர் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

பெயரை விழுங்குவது இந்த ஊருக்குப் புதிதன்று. இந்நகரின் பகோய்மா பகுதியில் வளர்ந்த பாடகர் ரிச்சர்ட் வலென்சுவேலாவை 1958இல் இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர் ரிச்சி வேலன்ஸ் ஆக்கினார். மெக்சிக்கப் பெயர் எடுபடாது என்ற கணக்கு. வெராக்ரூஸ் நாட்டுப்பாடலான 'லா பாம்பா'வை ராக் இசையாக்கித் தந்த அந்தப் பையன், 1959 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்தபோது வயது 17. 1987இல் அதே பாடலை முதலிடத்துக்குக் கொண்டுபோன லாஸ் லோபோஸ், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கல்யாண விருந்துகளில் வாசித்து வளர்ந்த குழு. அவர்களும் ஒரு காலத்தில் வெறும் 'உள்ளூர்க் கலைஞர்கள்'தான்.

நேரம் போதவில்லை என்கிறார்கள். இருக்கலாம், புரவலர் பட்டியலை இரண்டு முறை படிக்க மட்டும் நேரம் இருந்தது. ஸ்பானியப் பெயர்கள் வாயில் நுழையவில்லையாம். என் பெயரை முழுதாகச் சொல்லச் சோம்பி முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்ட மேலாளரிடம் வேலை பார்த்தவன் நான். இந்தச் சாக்கை என்னிடம் கொண்டுவர வேண்டாம். தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று நம்மவர் ஒருவரே கேட்டதுதான் உண்மையில் வலித்தது. இந்த ஊரில் வரி கட்டுகிறேன், அந்தப் பூங்காவில் என் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வாராவாரம் அந்தப் பாட்டைக் கேட்கிறேன். இன்னும் என்ன தகுதி வேண்டும்?

பூங்காவில் பாட்டு என்பது இம்மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் வந்த சிகானோ (மெக்சிக்க வம்சாவளி அமெரிக்கர்) குடும்பங்கள் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் லகுனா பூங்காவில் உட்கார்ந்து இசையும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஷெரீப் படையினர் தடியும் கண்ணீர்ப் புகையுமாகப் புகுந்தனர். அன்று கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரூபென் சலசாரின் பெயரையே இன்று அந்தப் பூங்கா தாங்கி நிற்கிறது. இறந்தவர் பெயரை மறக்காத ஊரில், உயிரோடு கண்முன் நின்று வாசிப்பவரின் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லையாம்!

அடுத்த மாதக் கச்சேரிக்கு வாசிப்பவர்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, உச்சரிப்பையும் எழுதி, அறிவிப்பாளர் கையில் நானே கொடுக்கத் தயார். தண்ணீர்ப் புட்டிக்காரரின் பெயருக்குக் கீழே சேர்த்துப் படித்தாலும் சரி.