எல்லாம் ‘சக்சஸ்’ என்று சொன்ன கறுப்புத் திரை

டேட்டாபேஸை மாற்றுகிற எஸ்க்யூஎல் கட்டளைகள் எழுதிய பன்னிரண்டு ஃபைல், 1 முதல் 12 வரை பெயர். மென்பொருளை விற்றவர்கள் அனுப்பியது, கூடவே அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிவிடுகிற ஒரு பேட்ச் (batch) ஃபைல், ‘டபுள் கிளிக் செய்தால் போதும்’ என்று ஒரு வரி. செய்தேன். கறுப்புத் திரையில் என்னென்னவோ சரசரவென்று ஓடியது, கடைசியில் ‘சக்சஸ்’. பாஸ் வாட்ஸ்அப்பில் "டன் ஆ?" என்றார், நானும் "டன் பாஸ்" என்று போட்டுவிட்டு கோலாலம்பூர் பங்சார் சவுத் ஆபீசிலிருந்து இறங்கி கெரிஞ்சி எல்ஆர்டி ரயில் பக்கம் நடக்கிறேன், பாதி வழியில் போன். வாடிக்கையாளர் முகவரி ஒன்றுகூட இல்லையாம்.

ஒன்றுகூட!

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் 1, 2, 3 என்று பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிற அதே ஃபைல்கள், பேட்ச் ஃபைலில் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி ஃபார் லூப் போட்டால் 1, 10, 11, 12, அப்புறம்தான் 2. அதற்கு எண் தெரியாது, எழுத்துதான் தெரியும். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். 10-ஆம் ஃபைல் பழைய முகவரிகளை ஒரு புது டேபிளில் நகல் எடுக்க வேண்டும். அந்த டேபிளை உருவாக்குகிற 3-ஆம் ஃபைல் இன்னும் ஓடவேயில்லை. அப்படி ஒரு டேபிளே இல்லை என்று நகலைப் போடுகிற இன்சர்ட் கட்டளை விழுந்தது. விழுந்தால் நிற்க வேண்டுமா இல்லையா? அடுத்த வரி ‘கோ’, அதற்குக் கீழே பழைய முகவரிகளை அழிக்கிற டெலீட். டெலீட் மட்டும் அழகாக ஓடி முடிந்தது.

அந்த ஃபைல்களை எஸ்க்யூஎல் சர்வருக்கு அனுப்புகிற கருவி எஸ்க்யூஎல்சிஎம்டி (sqlcmd), அதன் குணமே அதுதான். ‘கோ’ என்பது எஸ்க்யூஎல் கட்டளையே கிடையாது, இதுவரை எழுதியதை ஒரு கட்டாக சர்வருக்கு அனுப்பு என்று அந்தக் கருவிக்கு மட்டும் புரிகிற சொல். ஒரு கட்டு செத்தாலும் அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் எரர்லெவல், அதாவது பிழை உண்டா என்கிற எண், என்னவென்று கேட்டால் 0, பிழையே இல்லை என்னும், இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு எல்லோரும் சௌக்கியம் என்று சொல்கிற மாதிரி. பேட்ச் ஃபைலும் அந்த 0-வை நம்பித்தான் ‘சக்சஸ்’ போட்டது. மைனஸ் பி, அதாவது ஒரு கோடு, ஒரு எழுத்து, அதைச் சேர்த்திருந்தால் பிழை வந்த இடத்திலேயே நின்று 1 என்று சொல்லியிருக்கும். அதை ஏன் ஐயா நாம் தேடிப் போய்ப் போட வேண்டும்? இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் ஃபைலைக் கொடுத்தால் முதல் பிழையில் தானே நிற்கிறது, ஃபோர்ஸ் என்று சொன்னால்தான் மேலே போகிறது. போஸ்ட்கிரெஸின் கருவியான பிஎஸ்க்யூஎல் (psql) மட்டும் எஸ்க்யூஎல்சிஎம்டிக்குப் பங்காளி, ‘ஆன் எரர் ஸ்டாப்’ வைக்காவிட்டால் அதுவும் நிற்காது.

டிரான்சாக்‌ஷன் போட்டு, முடிந்தால் எல்லாம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று ஒரே மூட்டையாக ஓட்டியிருக்கலாமே தம்பி என்றார் பக்கத்து மேசை அண்ணன். போட்டு என்ன அண்ணே? பிழை வந்தால் டிரான்சாக்ஷனை ரத்து செய்கிற எக்ஸாக்ட் அபார்ட்டை ஆன் செய்து வைத்து, செய்ததெல்லாம் ரோல்பேக்காகிப் பழையபடி ஆனாலும், ‘கோ’வுக்கு அடுத்த கட்டு அந்த டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே தன்பாட்டுக்கு ஓடுமே! அவர் பதில் சொல்லவில்லை, எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் முடிவதற்குள் கடைசி எல்ஆர்டியும் போய்விட்டது, செந்தூலுக்கு கிராப் கார்தான், அந்த வெள்ளியை யாரிடம் கேட்பது?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அதே ஃபைல்களில் தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் டேபிளில் வெறும் கேள்விக்குறிகள், இது யூனிகோட் எழுத்து என்று சொல்ல மேற்கோளுக்கு முன்னால் ஒரு ‘என்’ (N) போடவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு எச்சரிக்கைகூட வராது.

இப்போது என் பேட்ச் ஃபைலில் மைனஸ் பி இருக்கிறது, ஃபைல் பெயரெல்லாம் 01, 02 என்று மாற்றிவிட்டேன். நேற்று அவர்களிடமிருந்து புதுத் தொகுப்பு வந்தது. 1 முதல் 14 வரை. டபுள் கிளிக் செய்தால் போதுமாம்.