முழுசாகக் கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் பால்காய்ச்சு வீட்டில் நடந்தது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும், கொஞ்சம் மசாலா சேர்த்து. பெயர் சொல்லப் போவதில்லை. அண்ணன் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். மாடியில் ஒரு மெட்டல் பாட்டு (கித்தாரும் டிரம்ஸும் அதிர அடிக்கிற ராக்) ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பிடுங்கிவிட்டுச் சொன்ன வார்த்தைதான்: "இதெல்லாம் மெட்டலா டே? மெய்டன் இருந்தா போடு. இல்லைன்னா சும்மா இரு." மெய்டன் என்றால் அயர்ன் மெய்டன், இங்கிலாந்தின் பழைய மெட்டல் பேண்டு.

பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு பேண்டை எடை போட்டு, ரகம் பிரித்து, குப்பையில் தள்ளிவிட முடிகிறது என்றால் அது பெரிய திறமை. எனக்கு அது கைவரவில்லை.

"விசேஷ வீட்டில் மெட்டல் எதற்குப் போட்டாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் எல்லாம் கிளம்பின பிறகு, வீட்டுக்காரனே கேட்டு, மொட்டைமாடியில் போட்டது. அதோடு, மெய்டன் போடச் சொன்னவர் சத்தத்துக்கு எதிரி இல்லையே. அந்தக் கேள்வி இத்துடன் முடிந்தது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கேட்டீர்களா? முழுசாக ஒரு பாட்டு, முடிந்தால் ஒரு ஆல்பம், கேட்டீர்களா? கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். எனக்கே பிடிக்காத பேண்டுகள் ஏராளம். ஆனால் கேட்காமலே தீர்ப்பு எழுதுவதை ரசனை என்று சொல்லாதீர்கள். அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

அண்ணன் கும்பிடுகிற ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். டோனி அயோமி, மெட்டலைத் தொடங்கிவைத்த பிளாக் சபாத் பேண்டின் கித்தார்க்காரர். பர்மிங்ஹாமில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில், வேலையின் கடைசி நாளில், இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அதுவும் கித்தாரில் தந்தியை அழுத்துகிற கை. பதினேழு வயது. எல்லாம் முடிந்தது என்று கிடந்தவரிடம் அந்தத் தொழிற்சாலை மேலாளர் ஒரு ரெக்கார்டு கொண்டுவந்தார். ராக் இல்லை, ப்ளூஸ் இல்லை, ஜாஸ். தீ விபத்தில் இடதுகையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டு. அயோமி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். அப்புறம் கேட்டார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். 1970 பிப்ரவரி 13 அன்று பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. 'இதெல்லாம் நம்ம பாட்டு இல்லை' என்று அன்றைக்கு அவர் அந்த ரெக்கார்டைத் திருப்பி அனுப்பியிருந்தால் அண்ணன் இன்றைக்கு எதைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்?

சபாத்தின் டிரம்மர் பில் வார்டு ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் புல்லாங்குழல் வைத்து ராக் பாடிய ஜெத்ரோ டல்லின் ரசிகர், அவர்கள் பாட்டை மெய்டனே வாசித்துப் பதிவும் செய்திருக்கிறது. அமெரிக்க மெட்டல் பேண்டு மெட்டாலிகாவின் பேஸ் கித்தார்க்காரர் கிளிஃப் பர்ட்டனுக்கு, ஜெர்மன் செவ்வியல் இசை மேதை பாக் என்றால் உயிர். 1984இல் 'ஃபேட் டு பிளாக்' வந்தபோது, மெல்லிய கித்தாரோடு தொடங்குகிறது என்பதற்காகவே மெட்டாலிகா விலைபோய்விட்டது என்று கத்தின ரசிகர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அதே பாட்டுக்கு அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், நானே பார்த்திருக்கிறேன். அப்போது கத்தினவர்களும் அண்ணன் மாதிரி நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

"பழையவர்களை மதிக்கவில்லை" என்கிற குற்றச்சாட்டும் வந்திருக்கிறது. மதிப்பு பற்றி என்னிடம் பேச வேண்டாம். மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது கடன் வாங்கிப் போனவன் நான். 2011 அக்டோபர் 30 மெட்டாலிகாவுக்கும் போனேன். அந்த டிக்கெட் துண்டுகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன, கல்யாண ஆல்பத்துக்கு மேலே. (வீட்டில் இதைப் பற்றித் தனியாக ஒரு வழக்கு நடக்கிறது.) பழையதை மதிக்கிறவன்தான் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தேடுவான்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை.

எங்கள் பக்கத்தில் கித்தார் சர்ச் வழியாகத்தான் வரும். விளவங்கோடு தாலுகாவில் பாதிப் பேர் கித்தாரில் முதல் கார்டு (chord) பிடித்தது சர்ச் கொயரில்தான். நானும் அப்படித்தான். அண்ணன் எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவர், கொயரில் பேஸ் கித்தார் வாசித்தவர். திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்கால பாசஞ்சரில் குழித்துறை வந்து இறங்கும்போது பையில் துணியைவிடக் கேசட் அதிகம் இருக்கும். தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கம் மெய்டன், இன்னொரு பக்கம் ஸ்லேயர், நீல மையில் பாட்டுப் பட்டியல். அட்டையில் நன்றி என்று போட்டிருக்கிற பெயர்களை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "இவனுவ யாருக்கு நன்றி சொல்றானுவன்னு பாரு, அடுத்தது அவனுவளைத் தேடு." இப்படிச் சொன்ன அண்ணனைத்தான் சொல்கிறேன். மெட்டாலிகா 1987இல் போட்ட 'கராஜ் டேஸ்' எனக்கு அவர் தந்ததுதான். அதில் மெட்டாலிகாவின் சொந்தப் பாட்டே கிடையாது. டயமண்ட் ஹெட், ஹோலோகாஸ்ட், கில்லிங் ஜோக், பட்ஜி, மிஸ்ஃபிட்ஸ் என்று அடுத்தவர் பாட்டுகள் மட்டும். 'நாங்கள் இவர்களைக் கேட்டோம், நீங்களும் கேளுங்கள்' என்று ஒரு பெரிய பேண்டு தன் ரசிகனிடம் சொன்னது அது.

ஒருமுறை சபை மூப்பர் ஒருவர் எங்கள் கேசட்டைக் கையில் எடுத்து, அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, பிசாசுப் பாட்டு, சத்தம், இதெல்லாம் இசையா என்றார். அண்ணன் எழுந்து நின்று கேட்டார்: "கேட்டுப் பாத்தியளா?" எனக்கு அன்றைக்கு அவர் ஒரு ஹீரோ. ஞாயிற்றுக்கிழமை மாடியில் மூப்பரின் வசனத்தை அண்ணனே பேசினார். மூப்பராவது பிசாசுக்குப் பயந்தார். அண்ணன் எதற்குப் பயப்படுகிறார்?

சரி, போட்டது என்ன? வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட். இந்தோனேசியாவில் மேற்கு ஜாவா, காருட் என்கிற ஊர்ப்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர். ஹிஜாப் போட்டுக்கொண்டு வாசிக்கிறவர்கள். பள்ளி ஆசிரியர் ஒருவரின் லேப்டாப்பில் இருந்த சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்கிற அமெரிக்க மெட்டல் பேண்டின் பாட்டுகளைக் கேட்டுத் தொடங்கி, 2014இல் பேண்டு ஆனார்கள். சொந்த ஊரிலேயே எதிர்ப்பு. 2024இல் இங்கிலாந்தின் பெரிய இசைவிழாவான கிளாஸ்டன்பரி மேடையில் ஏறினார்கள், அங்கே வாசித்த முதல் இந்தோனேசிய பேண்டு. அந்த பேஸ் சத்தத்தை ஒருநாள் நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பேஸ் வாசித்த அண்ணனுக்கு மற்ற எல்லாரையும்விட அது நன்றாகப் பிடிபடும். அதுதான் எரிச்சல்.

"பொம்பளப் பிள்ளைங்க வேடிக்கை" என்று பின்னால் ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியும், விடுங்கள். நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாக இந்தக் குழித்துறை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடக்கும். கலைமகளுக்கு எடுக்கிற விழாவில், அவள் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பாட 2006 வரை ஆனது. பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. அதுவரை பெண்களைப் பாட விடாததற்குக் காரணம் கேட்டால் வழக்கம் என்பார்கள். அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைத்தான் காப்பாற்றினார்.

"ஊர் ஊராகப் பாரம்பரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருவது எல்லாம் வித்தைதான்" என்று ஒரு நண்பர் சொன்னார். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மங்கோலியாவின் த ஹூ, டோல் வைத்துக்கொண்டு டெல்லியிலிருந்து கிளம்பின பிளட்டிவுட் என்று பார்த்தால், முதல் ஈர்ப்பு உடையும் வாத்தியமும்தான். ஆனால் பிரேசிலின் செபுல்டுரா, 1996இல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்துக்கு ஷவாந்தே பழங்குடிகளிடம் போய்ப் பதிவு செய்தபோது அதை வித்தை என்று நம்மில் யார் சொன்னோம்? கேசட் தேயத் தேயக் கேட்டோம். அப்போது சரி, இப்போது வித்தையா? சரி, அந்த வாதத்தையே ஏற்றுக்கொள்கிறேன். வாத்தியமே வேண்டாம், ஸ்வீடனின் ஓபெத் 2003இல் போட்ட 'டேம்னேஷன்' கேளுங்கள். மெட்டலில் பலர் பாடுகிற அந்த உறுமல் குரல் ஒன்றுகூட இல்லாத ஆல்பம். அதையும் கேட்க மாட்டீர்கள், அதில் உறுமல் இல்லை என்பதால்.

தமிழ்நாடு, கேரள எல்லைக்காரர்களாகிய நமக்கு இது இன்னும் சுலபமாக இருக்க வேண்டும். ஒரே வாரத்தில் வில்லுப்பாட்டும் சிங்காரி மேளமும் கொயரும் கேட்டு வளர்ந்த காது நமக்கு. திருச்சூர்ப் பக்கம் போய் பஞ்சாரி மேளம் என்கிற கோயில் செண்டை மேளத்தை முழுசாக நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். முதல் காலத்தில் ஒரு தாளச் சுற்று 96 அட்சரம் (எண்ணிக்கை), நகரவே நகராது. அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. மெதுவாக நகரும் டூம் மெட்டலில் தொடங்கி, பறக்கிற த்ராஷ் மெட்டலில் முடிகிற மாதிரி. சிக்கலான தாளத்துக்குப் பேர்போன ஸ்வீடன் பேண்டு மெஷுகாவைக் கேட்டுத் தாளம் எங்கே விழுகிறது என்று தலை சுற்றியபோது என்னைக் காப்பாற்றியது செண்டைதான். அங்கே கற்ற பொறுமைதான்.

அப்புறம் திருவனந்தபுரம். ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கே கேயாஸ் என்று ஒரு த்ராஷ் பேண்டு இருக்கிறது. 2013இல் முதல் ஆல்பம் போட்டார்கள். கண்ணூரிலிருந்து த டவுன் ட்ராடன்ஸ், கொச்சியிலிருந்து மதர்ஜேன். மதர்ஜேனில் பைஜு தர்மஜன் கித்தாரை வளைத்த வளைப்பில் கர்நாடக கமகம் தெரியும். இவர்களை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? லண்டன்காரன் வாசித்தால் மெட்டல், கண்ணூர்காரன் வாசித்தால் காலேஜ் பிள்ளைகள். "மலையாளி பேண்டு நமக்கெதுக்கு" என்று ஒரு தம்பி சொன்னான். இங்கிலீஷ்காரன் பேண்டு மட்டும் உனக்கெதுக்கு? சிங்கப்பூரில் 1992இல் தொடங்கின ருத்ரா பற்றித் தெரியுமா? அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், வேதாந்தத்தை டெத் மெட்டலில் பாடுகிறவர்கள். அவர்களையும் கேட்டதில்லை. ஆக, பிரச்சினை மொழி இல்லை. இந்தக் கரையில் மலையாளத்தான், அந்தக் கரையில் பாண்டி என்று காலம் முழுக்கக் கேட்டு வளர்ந்த நாம், பாட்டிலும் செக்போஸ்ட் வைக்க வேண்டுமா? களியக்காவிளையில் ஒன்று இருப்பது போதாதா?

"ரசனை அவரவர் விருப்பம், விட்டுவிடு" என்கிறவர்களுக்கு. விட்டுவிடலாம். அவர் வீட்டில் அவர் கேட்பதை நான் ஏன் கேட்கப் போகிறேன்? பழையதையே கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை, கடன், பிள்ளைகள், முதுகுவலி என்று இருக்கிற மனிதன் தெரிந்த பாட்டில் போய் உட்கார்ந்துகொள்வதில் தப்பே இல்லை. நானும் பல ராத்திரி அப்படித்தான். ஆனால் தான் நின்றுவிட்ட இடத்திலேயே இசையும் நின்றுவிட்டது என்று அடுத்தவனிடம் சொல்லாதீர்கள்.

ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பாட்டைப் போட்டது நான் இல்லை. போனும் என்னுடையது இல்லை. என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான். ரெண்டு வருடமாக நான் தேடித் தந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவன், இந்தப் பேண்டை முதல்முறையாக அவனே கண்டுபிடித்து எனக்குத் தந்தான். அண்ணனைப் பற்றி நான் சொன்ன கதைகள் எல்லாம் கேட்டு வளர்ந்தவன். "மாமா, அவருக்கு இது கண்டிப்பா பிடிக்கும் பாரு" என்று அவர் பக்கத்தில் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்ததே அவன்தான். பைக்கில் திரும்பும்போது கேட்டான்: "மாமா, நான் அவரை ஏதும் மரியாதைக்குறைவா பண்ணிட்டேனா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அண்ணனே சொல்லட்டும். இந்தப் பதிவை அவர் படிப்பார் என்று தெரியும். லைக் போட மாட்டார், அதுவும் தெரியும்.

மருமகன் ஒரு பட்டியல் போட்டிருக்கிறான். துனிசியாவின் மைராத், நியூசிலாந்தில் மாவோரி மொழியில் பாடுகிற ஏலியன் வெப்பன்ரி, அப்புறம் எனக்கே தெரியாத ரெண்டு பெயர். சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டில் போடுகிறோம். சாயாவும் பழம்பொரியும் உண்டு. யாரும் வரலாம், அண்ணனும் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நாலாவது பாட்டிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.