ஏஐக்கு எதற்கு பிஎச்டி என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை புதுச்சேரியில் அந்த மேடையில் பேசியவர் பெயரை எழுதப்போவதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "ஏஐக்கு எதுக்குப்பா பிஎச்டி? மூணு மாசம் கோர்ஸ் போதும். ஆராய்ச்சியெல்லாம் வேலை கிடைக்காதவங்க பண்றது." அதற்குக் கைதட்டல் வேறு.

மூன்று மாதத்தில் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கருவியை உருவாக்கியது ஆராய்ச்சி. ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் பிஎச்டி முடித்தது 1978இல். மூளையைப் பார்த்து உருவான, இன்றைய ஏஐக்கு அடிப்படையான நரம்பு வலையமைப்பு என்ற கணினி முறை தேறாது என்று துறையில் பலர் ஒதுக்கிய காலத்திலும் அவர் அதை விடவில்லை. 2012இல் அவரும் இரண்டு மாணவர்களும் செய்த அலெக்ஸ்நெட், படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஜெயித்த பிறகுதான் கம்பெனிகள் ஓடி வந்தன. நடுவில் 34 வருஷம். நோபல் கிடைத்தது 2024இல்.

"அவர் வெளிநாட்டுக்காரர்" என்பீர்கள். சரி, கிண்டியில் சிவில் படித்த ராஜ் ரெட்டி? மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்க 1960களிலேயே இறங்கியவர். கணினித்துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதை 1994இல் வாங்கினார். நீங்கள் இன்று போனிடம் பேசுவதற்கு அப்படிப்பட்டவர்களின் உழைப்புதான் காரணம்.

நானும் பேச்சை எழுத்தாக்கும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறேன். தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வாடைக்காற்றைப் பற்றிப் பேசியதைக் கொடுத்தால் மென்பொருள் "வாடகை" என்று எழுதுகிறது. உட்கார்ந்து கேட்டு, கையால் திருத்தி, பயிற்சிக்கு வேண்டிய ஜிபியு என்ற வேகமான கணிப்பு சிப் கிடைக்கும்வரை காத்திருந்து, மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். லாபம் இல்லாத இந்த வேலைக்கு எந்தக் கம்பெனி அவசரப்படும்?

"வீட்டை யார் பார்ப்பது?" என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜேஆர்எஃப் என்ற, தேர்வெழுதி வாங்கும் ஆராய்ச்சி உதவித்தொகை உள்ளவருக்கு மாதம் 37,000 ரூபாய், இல்லாதவருக்கு 8,000. கடன் இருக்கிறவர் வேலைக்குப் போகட்டும், தப்பே இல்லை. ஆனால் போகாதவர்களைக் கையாலாகாதவர்கள் என்று மைக் பிடித்துச் சொல்லாதீர்கள்.

போன மாதம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். "பொண்ணு இன்னுமா படிக்குது?" என்று சித்தப்பா ஒருவர் எல்லோர் முன்னாலும் அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் பந்திக்கு எழுந்து போய்விட்டார். இப்போது இந்த வீடியோவையும் யாரோ அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவருக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.

நெட் தகுதித் தேர்வு எழுதலாமா, ஆராய்ச்சிக்கு கைடை எப்படித் தேடுவது என்று குழம்பும் பிள்ளைகள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.